மலை தெரிகிற சன்னல்: அன்றாடத்திலிருந்து தப்பும் ஏக்கத்தைக் கவிதையாக்குவது பற்றி

1 | பாவு_ஊடை

சேலத்தில் கவிதை எழுதுகிறவர்கள் 'இந்த ஓட்டத்தை விட்டுப் போகணும்' என்று தொடங்கினால் மூன்றாவது வரியில் ஏற்காடு வந்துவிடுகிறது. தலை நிமிர்ந்தால் வடக்கே சேர்வராயன் மலை நிற்கிற ஊரில் அது வராமல் எப்படி இருக்கும்? வருவதில் குறையில்லை. வந்த பிறகு கவிதை அங்கேயே படுத்துக்கொள்கிறது, அதுதான் சிக்கல். கீழே இருப்பது அம்மாபேட்டைக் கைத்தறி நெசவாளி ஒருவர் பேசுவதாக எழுதிய வரைவு.

சிறகு முளைக்காதா எனக்கு
இந்தச் சலிப்பின் சிறையை உடைத்து
ஏற்காட்டுப் பனியில் கரைந்து
மேகமாய் மிதக்க

ஏக்கம் உண்மையானது. ஆனால் வரிகளில் அது ஏறவில்லை. எங்கே பிசகுகிறது? முழுக்கப் பிரித்துப் போட்டுச் சொல்லுங்கள். திருத்தி எழுதத்தான் இங்கே போடுகிறேன்.

2 | களர்நிலம்

முதலில் ஒரு பழைய பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். புறநானூறு 193, ஓரேருழவர் பாடியது. நான்கே அடி.

அதள்எறிந் தன்ன நெடுவெண் களரின்
ஒருவன் ஆட்டும் புல்வாய் போல
ஓடி உய்தலும் கூடும்மன்
ஒக்கல் வாழ்க்கை தட்கும்மா காலே

அதள் என்றால் தோல். உரித்த தோலைத் திருப்பிப் போட்டதுபோல வெளுத்துக் கிடக்கும் நெடிய களர் நிலம். அங்கே ஒருவன் துரத்துகிறான், புல்வாய் ஓடுகிறது. அந்த மானைப் போல ஓடிப் பிழைக்கவும் கூடும். ஆனால் சுற்றத்தோடு வாழும் வாழ்க்கை காலைத் தளைக்கிறது.

இதில் போய்ச் சேரும் இடமே கிடையாது. மலையில்லை, அருவியில்லை. ஓடுகிற நிலமும் ஒளிய ஒரு புதர் இல்லாத உப்புத்தரை. தப்புவதை இவ்வளவு வறட்டு நிலத்தில் வைத்தும், படிக்கும்போது ஓடிவிட வேண்டும் என்று கால் துடிக்கிறது. துடிக்க வைப்பது 'தட்கும்' என்ற ஒரு வினைச்சொல். கட்டு எது என்று பெயர் சொல்லிவிட்டார். ஒக்கலைக் கெட்டவர்கள் என்றும் சொல்லவில்லை, சிறை என்றும் சொல்லவில்லை.

கடைசிச் சொல்லையும் பாருங்கள்: கால். ஓட வேண்டிய உறுப்பில் பாட்டு நின்றுவிடுகிறது.

உங்கள் வரைவில் கட்டு இல்லை. 'சலிப்பின் சிறை' என்பது கட்டின் பெயர் அல்ல, கட்டைப் பற்றிய ஒரு பொதுப் புகார். நெசவாளியைக் கட்டியிருப்பது எது? தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலா, கூலியா, பள்ளிக்குப் போகிற பிள்ளையா, கண் மங்கிய தகப்பனாரா? அதைச் சொன்னால் ஏற்காடு தானாக உயரும்.

3 | சீர்தளை

களர்நிலம் ஐயா காட்டிய பாட்டின் வடிவத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். நேரிசை ஆசிரியப்பா. அடிக்கு நான்கு சீர், கடைசிக்கு முந்தின அடியான ஈற்றயலடி மட்டும் மூன்று சீர். 'ஓடி / உய்தலும் / கூடும்மன்' மூன்றோடு நின்றுவிட்டது. இலக்கணப்படி அங்கே ஒரு சீர் குறையத்தான் வேண்டும். ஆனால் தப்பிப்பது என்ற எண்ணத்தைக் கொண்டுபோய்ச் சரியாக அந்தக் குறைந்த அடியில் வைத்தது புலவரின் வேலை. ஓடலாம் என்று சொன்ன அடிக்கே ஒரு காலடி குறைவு.

கூடவே அந்த 'மன்'. தொல்காப்பியம் இடையியலில் மன்னுக்குக் கழிவு (கழிந்துபோனது), ஆக்கம் (ஆகிவந்தது), ஒழியிசை (சொல்லாமல் விட்டது) என்று மூன்று பொருள். இங்கே எப்படிக் கொண்டாலும் பேச்சு முடியாமல் தொங்குகிறது. 'கூடும்தான்...' என்று இழுத்து, மீதியை விழுங்குகிற குரல்.

இதே பெயருடைய புலவர் குறுந்தொகை 131-இலும் இருக்கிறார். பெயரே அங்கிருந்து வந்ததுதான். வினைமுடித்துத் திரும்பும் தலைவன் காதலி இருக்கும் ஊருக்குப் போய்ச்சேரத் தவிக்கிறான். ஈரம் பட்ட புனத்தில் ஒற்றை ஏர் வைத்திருக்கும் உழவன்போல மனம் பரபரக்கிறதாம். ஈரம் காய்வதற்குள் முழு நிலத்தையும் உழ வேண்டும், ஏர் ஒன்றுதான். அங்கேயும் ஈற்றயலடி 'ஓரேர் / உழவன் / போலப்' என்று மூன்று சீர். ஒரு பாட்டில் வீடு காலைக் கட்டுகிறது, இன்னொரு பாட்டில் அதே வீட்டுக்கு ஓடத் தோன்றுகிறது. இரண்டு பாட்டும் ஒரே பெயரில் நிற்பது எனக்குப் பெரிய செல்வமாகப் படுகிறது. கவிதையில் தப்பும் ஏக்கம் ஒரு திசையில் மட்டும் ஓடுவதில்லை.

4 | நாகலூர்_மிளகு

மலைப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தைங்க. ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஏற்காடுதான் அன்றாடம். பனி, மேகம் என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. பழுத்ததை மட்டும் பறித்தால் அதே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்ப வரணும். பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோகணும். வைத்திருந்தால் புளித்துவிடும், சுவை கெடும். அதனால் 'இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்' என்ற பேச்சே கிடையாது. சுற்றுலா வந்தவர் 'ஆகா' என்று பார்க்கிற பனி, பறிக்கிறவருக்கு ஈரக் கைவிரல்.

அந்தக் கைக்குத் தப்பிப்பது எந்தப் பக்கம்? கீழ்ப்பக்கம். இரவில் லேடீஸ் சீட் முனையில் நின்றால் சேலம் முழுக்க விளக்காகக் கிடக்கும். சேலத்துக்காரர் மேலே பார்த்து ஏங்குவதும் மலைக்காரர் கீழே பார்த்து ஏங்குவதும் ஒரே சாலையில்தான். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவு.

பனியை எடுங்கள் என்று சொல்லவில்லை. யாருடைய பனி என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.

5 | செவ்வாய்ப்பேட்டை_வாசகி

இரண்டு பாரதி பாடல்களை அருகருகே வைத்தால் ஒரு விஷயம் தெளிவாகும். பலரும் இவற்றைத் தனித்தனியாகவே படிக்கிறோம்.

'தேடிச் சோறு நிதந்தின்று' என்று தொடங்கும் வரிகள் எல்லோருக்கும் தெரியும். சோறு தேடுவது, தின்பது, சின்னஞ்சிறு கதைகள் பேசுவது, இப்படி வாழ்ந்து மாயும் வேடிக்கை மனிதரைப் போல வீழமாட்டேன் என்கிறார். அடுத்து 'விட்டு விடுதலையாகி நிற்பாய்' பாடலில் சிட்டுக்குருவி என்ன செய்கிறது? கூடு கட்டுகிறது, குஞ்சைக் காக்கிறது, முற்றத்திலும் கழனியிலும் தானியம் கொண்டுவந்து உண்கிறது, மற்றப் பொழுது கதை சொல்லித் தூங்குகிறது, விடியுமுன் பாடி எழுகிறது.

ஏறக்குறைய அதே நாள்! உணவு, கதை, தூக்கம். ஒன்று வீழ்ச்சி, மற்றது விடுதலை. வேறுபாடு வினைகளில் இல்லை, ஒட்டியிருக்கும் சொற்களில் இருக்கிறது. மனிதன் 'தேடி'த் தின்கிறான். குருவிக்கு அது 'முன்கண்ட தானியம்', கண்ணெதிரே கிடந்தது. மனிதன் கதை பேசி 'மனம் வாடி' உழல்கிறான். குருவி 'பாடி விழிப்புற்று' எழுகிறது.

ஆகவே அன்றாடத்தை எதிரியாக நிறுத்தி எழுதினால் கவிதை தட்டையாகிவிடும். எந்தச் சொல் அந்த அன்றாடத்தைக் கனமாக்குகிறது, எது லேசாக்குகிறது என்று பார்க்க வேண்டும். சிறகு கேட்பவர்கள் குருவிக்கும் கூடும் குஞ்சும் உண்டு என்பதை நினைக்க வேண்டும்.

6 | சீர்தளை

வாசகி அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'தேடிச் சோறு' வரிகளில் வினையெச்சங்களை எண்ணுங்கள்: தேடி, தின்று, பேசி, வாடி, உழன்று, செய்து, கூடி, எய்தி. எட்டு. இடையில் 'வாட' வேறு. எங்கேயும் முற்றுப்பெறாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போய், கடைசியில்தான் 'வீழ்வேன் என்று நினைத்தாயோ' என்று வாக்கியம் உடைகிறது.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் இது நமக்குக் கிடைத்த வசதி. எழுந்து, குளித்து, ஓடி, ஏறி, இறங்கி என்று எச்சங்களை அடுக்கினாலே மூச்சு முட்டும். 'சலிப்பாக இருக்கிறது' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று எச்சம் போதாது, அது சாதாரணப் பேச்சு. ஐந்துக்கு மேல் போனால்தான் வாசகருக்குச் சங்கிலி என்று படும். பன்னிரண்டுக்கு மேல் போனால் பட்டியலாகிவிடும், கண் தாவிவிடும். எச்சங்களின் நீளமும் ஒன்றாக இருக்கக்கூடாது. பாரதி 'பேசி' என்ற சின்னச் சொல்லையும் 'கிழப்பருவம் எய்தி' என்ற நீண்டதையும் கலந்திருக்கிறார்.

புதுக்கவிதை எழுதுகிறவர்கள் செய்யும் பிழை: எச்சங்களை அடுக்கிவிட்டு, உடைக்க வேண்டிய இடத்திலும் 'பறந்து', 'கலந்து', 'மிதந்து' என்று எச்சமே போடுவது. உங்கள் வரைவிலும் உடைத்து, கரைந்து, மிதக்க. தப்பித்த பிறகும் சங்கிலி ஓடுகிறது. முற்று வேண்டும்.

7 | பாவு_ஊடை

இது கண்ணைத் திறக்கிறது. ஒரு கேள்வி. போய்ச்சேரும் இடத்தை விவரித்தும் நிற்கிற கவிதைகள் உண்டே? 'காணி நிலம் வேண்டும்' முழுக்க இடம்தானே?

8 | செவ்வாய்ப்பேட்டை_வாசகி

ஆமாம், அதில் இடம் நிற்கிறது. அளவு இருப்பதால் நிற்கிறது. ஒரு காணி என்றால் 1.32 ஏக்கர், அதாவது சுமார் 57,500 சதுர அடி. தென்னை பத்துப் பன்னிரண்டு கேட்கிறார். மரத்துக்கு மரம் 25 அடி விட்டால் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி, பன்னிரண்டுக்கு 7,500. காணியில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வீடும் கேணியும் போக இடம் மிச்சம் இருக்கும். கனவுதான், ஆனால் அளந்து பார்த்தால் நிலத்தில் உட்காருகிற கனவு. 'தோப்பு வேண்டும்' என்று எழுதியிருந்தால் இந்த நெருக்கம் வந்திருக்காது.

ஐரிஷ் கவிஞர் ஏட்ஸ் 1890-இல் வெளியிட்ட இன்னிஸ்ஃப்ரீ கவிதையும் அப்படித்தான். ஏரித் தீவில் சின்னக் குடிசை, ஒன்பது வரிசை பீன்ஸ், ஒரு தேன்கூடு. ஒன்பது என்ற எண் இருப்பதால் ஆள் உண்மையிலேயே போகத் துணிந்திருக்கிறார் என்று தோன்றும். கடைசிப் பத்தியில் மட்டும் அவர் நிற்கும் சாலையும் சாம்பல் நிற நடைபாதையும் வருகின்றன. கட்டு ஒரே வரிதான், ஆனால் கடைசியில் வந்து எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறது.

காணி நிலத்தின் முடிவையும் மறக்க வேண்டாம். 'பாட்டுத் திறத்தாலே இவ்வையத்தைப் பாலித்திட வேணும்.' ஒதுங்கப் போனவர் அங்கிருந்தபடி உலகத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

9 | சீர்தளை

இன்னிஸ்ஃப்ரீயில் பத்திக்கு நான்கு வரி, நான்காவது வரி மற்ற மூன்றையும்விடக் குறைவு. மூன்று பத்தியிலும் அப்படியே. நம் ஈற்றயலடிக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் ஏக்கம் இரண்டு இடத்திலும் குறைந்த அடியைத் தேடிப் போயிருக்கிறது.

10 | களர்நிலம்

ஒரு எச்சரிக்கை. எல்லாத் தப்பித்தலும் இடம்பெயர்வது அல்ல. குறுந்தொகை 28, ஔவையார். முட்டுவேனா, தாக்குவேனா, ஆ ஒல் என்று கூவுவேனா என்று கேட்கிறாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் நோயை அறியாமல் ஊர் தூங்குகிறது. அவள் ஊரைவிட்டுப் போக ஆசைப்படவில்லை, தூங்குகிற ஊரை எழுப்ப ஆசைப்படுகிறாள். வழக்கம் என்பது இங்கே மற்றவர்களின் உறக்கம். பெண் குரலில் எழுதும்போது வீட்டு வேலைப் பட்டியலைப் போட்டு, முடிவில் வானத்தைப் பார்க்க வைப்பது இப்போது பழகிப்போன தடம். ஔவை பிடித்த தடம் இன்னும் புதிதாக இருக்கிறது.

போக முடியாதவர்கள் தூது விடுவதும் நம் மரபு. அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்று பத்து. பாங்கியைத் தவிர எல்லாம் பறப்பதோ, வீசுவதோ, கண்ணுக்குத் தெரியாமல் போவதோதான். மேகத்தைக் கவிதையில் வைத்தால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். வெறுமே மிதக்க விடாதீர்கள்.

11 | நாகலூர்_மிளகு

ஐயா சொன்னதற்கு ஒரு எதிர்க்கருத்து. கட்டு, கட்டு என்று மட்டும் பேசினால் எல்லாக் கவிதையும் இழுத்துப் பிடித்த குரலில் வந்துவிடும். இருக்கிற இடத்துக்கே ஏங்குவதும் உண்டு. ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் ஹைக்கூ ஒன்றில் கியோட்டோவில் இருந்துகொண்டே, குயிலோசை கேட்டதும் கியோட்டோவுக்காக ஏங்குகிறார். காப்பி பூக்கிற வாரத்தை எழுதுங்கள். கோடை மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த மூன்று நாள் அதே வேலை, அதே பாதை, ஆனால் வேறு இடம். அதுவும் தப்பித்தல்தான்.

12 | குழித்தறி

தறியை வைத்து எழுதுவதால் தறி வேலையைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டு அதற்குள்ளேயே இருக்கிறது, வெளியே தேட வேண்டாம்.

வேட்டியின் அகலம் சுமார் 50 அங்குலம், கிட்டத்தட்ட மூன்று முழம். குறுக்கு நூலான ஊடையை இழுத்துச் செல்லும் நாடா நாளெல்லாம் ஓடினாலும் அந்த மூன்று முழத்தைத் தாண்டாது. பாவு இழை ஒன்று அறுந்தால் உடனே நிறுத்தி, துண்டு நூல் சேர்த்து, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் பிரித்து நிறுத்தும் அச்சிலும் கோத்து, முடிச்சுப் போட வேண்டும். விட்டுவிட்டு நெய்தால் அந்த இடத்திலிருந்து துணியின் நீளத்துக்கும் ஒரு கோடு போகும். பாதியில் எழுந்து போய்ப் பிறகு வந்து நெய்தால் இறுக்கம் மாறிக் குறுக்கே ஒரு வரி விழ வாய்ப்பு உண்டு. எழுந்து போனதைத் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக நெசவாளி எழுந்து போவதற்கு வாசலில் யாரும் நின்று தடுக்க வேண்டாம். ஒரு இழை போதும்.

13 | சீர்தளை

குழித்தறி சொன்னதை வைத்தே எழுதலாம். எழுதும் முறை இது: முதலில் அந்த ஆளின் ஒரு நாளை வினைச்சொற்களாக மட்டும் எழுதுங்கள், பெயரடை இல்லாமல், இருபது வினை. அதில் பாதியில் விட முடியாத வினை எது என்று வட்டம் போடுங்கள். கட்டு அங்கேதான் இருக்கும். பிறகு சிறகு, வானம், கூண்டு, சிறை, மேகம் ஐந்தையும் இந்த ஒரு வரைவுக்கு மட்டும் விலக்கிவையுங்கள். அவை கெட்ட சொற்கள் என்பதால் அல்ல, அவை வந்தால் கை தேடுவதை நிறுத்திவிடும் என்பதால். போய்ச்சேரும் இடத்துக்கு மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். எழுதியதை அந்த வேலையின் தாளத்தில் வாய்விட்டுப் படியுங்கள். தறியென்றால் மிதிக்கு ஒரு சீர். கிணற்றில் நீர் இறைக்கிறவர்களின் ஏற்றப்பாட்டு பிறந்தது இப்படித்தான், சால் எண்ணிக்கையும் பாட்டும் ஒன்றாகவே ஏறி இறங்கின. தாளம் முறிய வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. இரண்டு இடத்தில் முறித்தால் வாசகர் அதைப் பிழை என்று எடுத்துக்கொள்வார்.

14 | பாவு_ஊடை

முயன்றேன்.

மூன்று முழத்துள் நாடா ஓடும்
சாளரம் நிறைய மலையே தெரியும்
ஏறிப் போதலும் எளிதுமன்
அறுந்த இழையை முடியும் விரலே

15 | களர்நிலம்

வெகு தூரம் வந்துவிட்டீர்கள். நான்காம் அடி அருமை. அதில் 'தளை' என்ற சொல் இல்லை, முடிச்சு இருக்கிறது. அறுந்ததை மறுபடி கட்டுவது விரல். கட்டுகிறவரும் கட்டுப்பட்டவரும் ஒருவரே என்பது சொல்லாமல் வந்துவிட்டது.

மூன்றாம் அடியை மாற்றுங்கள். 'போதலும் எளிதுமன்' புறநானூற்றின் நிழல். 'மன்' இன்றைய காதில் ஒலிக்காது. அந்தக் காலத்தில் அது பேச்சின் இழுவை, இன்று அது அகராதிச் சொல். இழுவை வேறு வழியில் வர வேண்டும்.

16 | நாகலூர்_மிளகு

எண் வையுங்க. சேலம் கடல்மட்டத்துக்கு 300 மீட்டருக்குள், ஏற்காடு 1,500-க்கு மேல். அந்த உயரத்தை ஏறி முடிப்பது இருபது வளைவில். 'இருபது வளைவே இடையில்' என்று போட்டால்? இருபது / வளைவே / இடையில், மூன்று சீர். 'அவ்வளவுதானே' என்கிற தொனி அந்த ஏகாரத்தில் வந்துவிடும். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

17 | சீர்தளை

சீர் வாய்பாட்டில் கருவிளம், புளிமா, புளிமா. இ-இ மோனையும் அமைகிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

18 | குழித்தறி

இரண்டாம் அடியில் ஒரு தவறு இருக்கிறது. குழித்தறியில் நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து, மிதியை மிதிக்கக் காலைக் குழிக்குள் விட்டிருப்பார். கண்மட்டம் தரையிலிருந்து இரண்டரை அடிதான் வரும். சன்னலின் கீழ் விளிம்பு பெரும்பாலும் அதற்கு மேலே. அங்கிருந்து பார்த்தால் சன்னல் நிறைய மலை தெரியாது. விளிம்புக்கு மேல் முடி மட்டும் எட்டிப் பார்க்கும். மலை முழுதும் தெரிய வேண்டுமானால் எழுந்து நிற்க வேண்டும், எழுந்தால் மிதியிலிருந்து கால் போய்விடும். தறிக்கூடத்தில் சாளரம் என்றும் யாரும் சொல்வதில்லை.

19 | பாவு_ஊடை

மூன்று முழத்துள் நாடா ஓடும்
சன்னல் விளிம்பில் மலைமுடி தெரியும்
இருபது வளைவே இடையில்
அறுந்த இழையை முடியும் விரலே

20 | செவ்வாய்ப்பேட்டை_வாசகி

'மலைமுடி'யில் ஒரு முடி, 'முடியும் விரலே'யில் ஒரு முடி. உச்சியும் முடிச்சும் ஒரே சொல்லில் வந்திருக்கின்றன. 'முடியும்' என்பதை 'இயலும்' என்றும் காது கேட்கும். அதை விளக்கி இன்னொரு வரி சேர்த்துவிடாதீர்கள்.

21 | குழித்தறி

'இழையை' என்பதை 'பாவிழை' என்று மாற்றலாமா? ஊடை அறுந்தால் இவ்வளவு நேரம் பிடிக்காது.

22 | சீர்தளை

'அறுந்த பாவிழை முடியும் விரலே.' பாவிழை கூவிளம், அடி நான்கு சீராகவே நிற்கிறது. மாற்றலாம்.